ஆதிலட்சுமி சொல்லாமல் விட்ட வார்த்தை

கன்னத்தில் அறை வாங்கியதைப் பற்றிக் கலியபெருமாளுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. மைக் செட்டையும் லைட்டையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனவன் எத்தனையோ வாங்கியிருக்கிறான். பாட்டு நின்றுபோனதற்கு ஒரு ஊரில், நிற்காமல் ஓடியதற்கு இன்னொரு ஊரில். கன்னம் ஆறிவிடும். ஆனால் ஆதிலட்சுமி சொன்ன ஒரு வார்த்தை ஆறவில்லை. பல வருஷமாக அது அவனுக்குள் முள்ளாய்க் கிடந்தது.

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபம். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து, அத்தனை பேர் பார்க்க அவனை மேடைக்கு முன்னால் நிறுத்தி, "ஏம்மா, இவன் உங்க ஆளா?" என்று கேட்டார்கள். வருஷக்கணக்காய் அவனோடு நாடக மேடையில் வேலை பார்த்தவள், அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெரியாதுங்க" என்றாள். சொல்லும்போது ஒரு தயக்கம் உண்டா, கண்ணில் ஒரு தடுமாற்றம் உண்டா? ஒன்றும் கிடையாது. நடிகை அல்லவா.

'எங்க ஆளு' என்று சொல்லியிருக்கலாம். அவன் கேட்பது அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தை, அவள் வாயால், அதே ஆட்கள் காதில் விழ வேண்டும். அதுவரைக்கும் அவளோடு நேராகப் பேசுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டான். பேச்சைத்தான் நிறுத்தினான், அவள் கடை வேலையை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று யாராவது கேட்டால் முறைப்பான்.

ஆதிலட்சுமி யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

வீராம்பட்டினத்துக்காரி. அப்பா ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்தவர். ஒரு வருஷம் ஆடித் தேர் முடிந்து ஊர்ப் பையன்கள் போட்ட நாடகத்துக்குக் கடலூரிலிருந்து வரவேண்டிய கதாநாயகி வரவில்லை. வசனம் யாருக்குத் தெரியும் என்று பார்த்தால், ஒத்திகை நடந்த பள்ளிக்கூட ஜன்னலில் தினம் வந்து தொங்கிக்கொண்டிருந்த இந்தப் பெண் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. ஏற்றிவிட்டார்கள். ஏறியவள் இறங்கவே இல்லை. அப்புறம் குழு சேர்ந்து, பாகூர், நெட்டப்பாக்கம், மரக்காணம் வரைக்கும் ஆதிலட்சுமி நாடகம் என்றால் பாயைத் தூக்கிக்கொண்டு சனம் வந்தது.

கலியபெருமாள் அந்தக் குழுவுக்கு லைட்மேன். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், ரெண்டு டிரம் மேல் பலகை போட்டு ஏறி நின்று ஃபோகஸ் லைட்டைத் திருப்புவது அவன் வேலை. மேக்கப் போட்டுக்கொள்கிறவருக்குக் கண்ணாடியில் தெரிகிற முகம் வேறு, கடைசியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிகிற முகம் வேறு. அந்த ரெண்டாவது முகம் கலியபெருமாளுக்குத்தான் தெரியும். ஆகவே ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஜாடை உண்டாயிற்று. அவன் புருவத்தைத் தடவினால் மை பத்தவில்லை. உதட்டைத் துடைத்தால் சாயம் ஜாஸ்தி. கன்னத்தில் விரலை வைத்தால் ரோஸ் போடு. தாடையைத் தூக்கினால் முகத்தை லைட்டுக்குக் காட்டு. அவள் அடுத்த காட்சிக்குள் சரிசெய்துகொண்டு வந்து நிற்பாள். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

திருவிழாக்காரர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாறியதும் ஆதிலட்சுமி சென்னைக்கு பஸ் ஏறினாள். சீரியலில் கிடைத்ததெல்லாம் காப்பி கொண்டுவந்து வைப்பது, நிச்சயதார்த்தத்தில் தட்டு ஏந்தி நிற்பது, ஆஸ்பத்திரி வராந்தாவில் 'டாக்டர் கூப்பிடுறாரு' என்பது. அங்கே மேக்கப்காரர்கள் கதாநாயகியை விட்டு நகர மாட்டார்கள். காப்பி கொண்டுவருகிறவளுக்கு யார் போடுவது? ஆதிலட்சுமி தனக்கும் போட்டுக்கொண்டு, தன்னைப் போலத் தட்டு ஏந்துகிற மற்ற பெண்களுக்கும் போட்டுவிட்டாள். நாளாக ஆக, கதாநாயகியை விடத் தட்டு ஏந்துகிறவர்கள் அழகாகத் தெரிகிறார்கள் என்று டைரக்டர் சத்தம் போடும் அளவுக்கு ஆயிற்று.

ஒரே ஒரு சீரியலில் மருமகளைக் கொடுமைப்படுத்தும் பெரியம்மா வேஷம் அமைந்தது. பிய்த்து உதறினாள். எவ்வளவு உதறினாள் என்றால், பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருத்தி இவளைப் பார்த்ததும் வஞ்சிரத்தை எடுத்துக் கூடைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

"அந்தப் பொண்ண சோறு போடாம ரூம்ல பூட்டி வச்சியே. உனக்கு இன்னாத்துக்கு வஞ்சிரம்? காரப்பொடி வாங்கினு போ."

ஆதிலட்சுமிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. விலை குறைந்த அந்தப் பொடிமீனையே வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள்.

அந்த சந்தோஷம் நிலைக்கவில்லை. சீரியல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நல்ல போட்டோ ஒன்று வேண்டும், பெரிசாகப் போடப் போகிறோம் என்றார்கள். போஸ்டரில் வரப்போகிறோம் என்று நினைத்து, பட்டுப்புடவை கட்டி, ஸ்டுடியோவில் படம் எடுத்து அனுப்பினாள். ஊரெல்லாம் சொன்னாள். பெரிசாகத்தான் போட்டார்கள். ஹால் சுவரில் மாட்டி, சந்தன மாலை சாத்தி, ஒரு சின்ன பல்பும் எரியவிட்டார்கள். பெரியம்மா செத்துப்போய்விட்டாளாம். எப்படிச் செத்தாள் என்றுகூடக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த சீரியல் ஓடிய மட்டும் அவள் முகம் தினம் டிவியில் வந்தது, சம்பளம் இல்லாமல்.

கூட உட்கார்ந்து பார்த்த கலியபெருமாள், "பல்ப தப்பான எடத்துல வச்சிருக்கான். மூக்கு நெழல் விழுது பாரு" என்றான். அவனால் சொல்ல முடிந்த ஆறுதல் அதுதான்.

செத்த பிறகு பிழைக்க வழி பார்க்க வேண்டும் இல்லையா. உப்பளத்தில் ஷஹாபுதீன் பாயின் தார்ப்பாய்க் கடைக்கு மேல் ஒரு மாடி காலியாக இருந்தது. அதில் ப்யூட்டி பார்லர் வைக்கிறேன் என்று போய்க் கேட்டாள். பாய்க்கு யோசனைதான். அவர் சம்சாரம் ஷரீபா அந்த சீரியலை ஒருநாள் விடாமல் பார்த்தவள்.

"பெரியம்மாவுக்கா? குடுங்க குடுங்க. அவ மாடியில இருந்தாலே, நம்ம வூட்டு மருமவளுங்க சத்தம் போடாம நடப்பாளுங்க" என்றாளாம்.

முகத்துக்குக் கடலை மாவு பூசுவதில் ஆரம்பித்து மணப்பெண் அலங்காரம் வரைக்கும் வந்தாள். கண்ணாடியைச் சுற்றி பல்பு கட்டிக் கொடுத்தது கலியபெருமாள். தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட் பிடித்து லைட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான் அப்போது. இப்போதும் அதுதான்.

பெரிய இடத்து அலங்காரம் என்று முதன்முதலில் வந்தது அந்த வில்லியனூர் மண்டபத்துக் கல்யாணம். பெண் வீட்டார் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம், உறவுக்காரர்களே ஒரு பஞ்சாயத்துக்கு இருப்பார்கள். இங்கே பேர் வாங்கினால் அந்தப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் தன் கையில் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும். பயம் வேறு. பயம் வந்தால் பழைய பழக்கம்தான் கைக்கு வரும்.

"அண்ணே, கண்ணாடியில பாத்து ஒண்ணும் புரியல. நீ வந்து கடைசியில நில்லு. எப்பவும் போல காட்டு, நான் சரி பண்ணிக்கிறேன்" என்றாள். அவனும் சரி என்றான். கல்யாண மண்டபத்தில் இது எப்படிப் படும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. மேடையிலேயே கிடந்து பழகியவர்களுக்குத்தான் மூளை இப்படி வேலை செய்யும்.

வரவேற்பு. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும். பெண்ணுக்குப் பின்னால் பவுடரும் பஞ்சுமாய் ஆதிலட்சுமி. மண்டபத்தின் கடைசியில், ஏர் கூலர் பக்கத்தில், முரட்டு மீசை வைத்த ஓர் ஆள் மேடையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு புருவத்தைத் தடவுகிறான். கொஞ்ச நேரம் போனது. உதட்டைத் துடைக்கிறான். கன்னத்தில் விரலை வைக்கிறான். தாடையைத் தூக்குகிறான்.

மணப்பெண் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பயத்தில் வியர்த்தது, கண் கலங்கியது, மை ஒழுகியது. மை ஒழுகுவதைக் கண்ட கலியபெருமாள் பதறிப்போனான். ரெண்டு கையாலும் தன் கண்ணைத் தொட்டுத் தொட்டுத் துடைத்துக் காட்டினான். பார்க்கிறவர்களுக்கு, கண்ணே அழாதே என்று சொல்வது போலவே இருந்தது. மாப்பிள்ளை குனிந்து, "யாரு அது?" என்று பெண்ணிடம் கேட்டுவிட்டான்.

பெண்ணின் தாய்மாமன் நெடுமாறன். டிராக்டர் ஓட்டி ஓட்டி உரமேறிய கை. முதல் அறையை விட்டுவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பித்தார்.

"யார்ரா நீ? பொண்ணு எத்தினி நாளா பழக்கம்?"

"பழக்கமெல்லாம் இல்லீங்க. ஒதட்டுச் சாயம் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துது, அதான்..."

ரெண்டாவது அறை அதற்கு விழுந்தது.

அதற்குப் பிறகுதான் காலரைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனதும், கேட்டதும், அவள் தெரியாது என்றதும். குடிகாரன் எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று பெரியவர்கள் முடிவு கட்டி, மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்தி, அவனை வெளியே தள்ளினார்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டு டீக்கு மேல் ஒன்றையும் வாயில் வைக்காதவன் கலியபெருமாள். அவனைப் போய்.

மறுநாள் காலையில் தட்டாஞ்சாவடி ஷெட்டுக்கு ஆதிலட்சுமி வந்தாள். அவன் ட்யூப்லைட் பட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. ஆமான்னு சொல்லியிருந்தா, மேக்கப்காரி ஆள் வச்சுப் பொண்ண பாக்க வச்சான்னு ஆயிருக்கும். அந்தக் கோவத்துல நம்புவாங்களா? நேத்தோட கடைய மூடிட்டு வந்திருக்கணும்."

"கடை மூடல இல்ல?"

"இல்லண்ணே."

"அப்ப நான் யாரு?"

"நீ எங்க அண்ணன்."

"அத நேத்து சொல்லணும்."

அவ்வளவுதான். பட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தான். அதன் பிறகு அவளிடம் அவன் பேசியதெல்லாம் ஷஹாபுதீன் பாய் வழியாகத்தான். லைட் வேலைக்கு மாடிக்கு வரும்போதெல்லாம் பாயைக் கீழே கடையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவான்.

"பாய், அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அந்த ரிங் லைட்ட கொஞ்சம் தள்ளி வெக்கணும்."

"ஏம்மா, லைட்ட தள்ளி வெக்கணுமாம்."

"எந்தப் பக்கம்னு கேளுங்க பாய்."

"எந்தப் பக்கம்ப்பா?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"சோத்தாங்கைப் பக்கமாம். யப்பா, நீங்க ரெண்டு பேரும் கை நீட்டினா தொடுற தூரத்துல நிக்கிறீங்க. கீழ ஆளு வந்து தார்ப்பாய்க்கு நிக்கிறான். எனக்கு இன்னா தலையெழுத்து?"

தலையெழுத்துதான். ஆனாலும் பாய் வராமல் இருக்க மாட்டார். ரெண்டு பேரையும் சேர்த்துவைக்க அவரும் என்னென்னவோ பார்த்தார். பெருநாளைக்கு ரெண்டு பேரையும் ஒரே சஹன் தட்டில் பிரியாணி சாப்பிட உட்கார வைத்தார். கலியபெருமாள் தட்டின் நடுவே எலும்பை வரிசையாக வைத்து எல்லை பிரித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இதற்கிடையில் அந்த ஒழுகிய மை ஆதிலட்சுமியைச் சும்மா இருக்கவிடவில்லை. மணப்பெண் என்றால் அழத்தான் செய்வாள். அழுதால் ஒழுகாத மை வேண்டும். கடற்கரைக் காற்றில் வேர்த்தாலும் கரையக்கூடாது. விளக்கெண்ணெய், தேன்மெழுகு, கரி என்று அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பெரிய கம்பெனிக்காரர்கள் மிஷின் வைத்துச் சோதிப்பார்களாம். இவளுக்கு மிஷின் எதற்கு? சொன்ன மாத்திரத்தில் அழுகிறவள். நாடகத்தில் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் விட்டுக் கைதட்டு வாங்கியவள். ஒரு கண்ணில் கடை மையும் ஒரு கண்ணில் தன் மையும் தீட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மாலை போட்ட தன் போட்டோவையும் வராத சம்பளத்தையும் நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அழுவாள்.

புருவம் திருத்த வந்த பெண்கள் மாடிப்படியிலேயே திரும்பிப் போனார்கள். கீழே ஷரீபா பாயைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஏதாவது சொன்னீங்களா அந்தப் பொம்பளய?"

"நான் இன்னா சொல்லப் போறேன். மை காச்சுறாளாம்."

"மை காச்சுனா எதுக்கு ஒப்பாரி?"

கடைசியில் ஒருநாள் ஒரு கண் கறுத்து ஒழுகி மோவாய் வரை வந்து நிற்க, இன்னொரு கண் அப்படியே தீட்டினபடி இருந்தது. அந்தக் கோலத்திலேயே சிரித்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள். தார்ப்பாய் வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார்.

அதுதான் 'பெரியம்மா கண்மை'. டப்பாவில் அதே ஸ்டுடியோ போட்டோ, மாலை இல்லாமல். தட்டாஞ்சாவடியில் கலியபெருமாள் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டையே வாடகைக்குப் பிடித்து, பெண்கள் சிலரை வேலைக்கு வைத்து, டப்பா அடைத்தாள். பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் வீட்டு அம்மாக்கள் பாரீஸில் இருக்கும் மகள்களுக்கு வாங்கி அனுப்பினார்கள். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று எங்கே பெண்கள் கூடினாலும் பெரியம்மா டப்பா இருந்தது. நடிகை ஆதிலட்சுமி என்பது போய், கண்மை ஆதிலட்சுமி என்று ஆயிற்று. பாகூர் பக்கம் மட்டும் அவள் இன்னும் தலைகாட்டவில்லை. கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவாள்.

போன தை மாசம் பாகூரே மாடி ஏறி வந்துவிட்டது.

கலியபெருமாள் ஏணி மேல் நின்று ஃபால்ஸ் சீலிங்கில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். கீழே பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி சட்டையில் உள்ளே வந்த ஆளைக் கலியபெருமாள் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. கையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். நெடுமாறன்.

"வணக்கம்மா. ஞாபகம் இருக்கா? எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வில்லியனூர் வந்திருந்தீங்க. இப்ப எம் பொண்ணுக்கு வச்சிருக்கேன். ஆதிலட்சுமி மேக்கப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எங்க பங்காளிங்க வூட்ல இன்னும் மூணு கல்யாணம் இருக்குது, அதுக்கும் நீங்கதான். தாம்பூலப் பையில போடறதுக்கு உங்க கண்மை ஊருக்கே வேணும்."

"உக்காருங்க. ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஆதிலட்சுமி. அவள் கண் மேலே போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு ஒரு குடிகாரப் பய வந்து பொண்ணுக்கு ஜாடை காட்டினான் பாருங்க. எங்க ஊர்ல இன்னும் அத பேசறாங்க. அந்த மாதிரி எவனும் வராம பாத்துக்கணும். நம்ம பசங்களயும் கடைசியில நிக்க வெக்கிறேன்."

ஏணி ஒருதரம் ஆடியது. பாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

இந்த நேரத்தைக் கலியபெருமாள் எத்தனையோ தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். இப்போது நேரிலேயே வந்து நிற்கிறது. கேட்கிற ஆள் இருக்கிறார், சொல்ல வேண்டியவள் இருக்கிறாள். ஆனால் அவன் நினைப்பு எங்கே போயிற்று என்றால், இவள் சொல்லிவிட்டால் நாலு கல்யாணமும் போகும், பாகூர் முழுக்கப் பேர் கெடும், பக்கத்து ஷெட்டில் டப்பா அடைக்கிற பெண்களுக்கு வேலை என்னாகும் என்று போயிற்று. அப்படி நினைத்ததற்கே அவனுக்கு அவன் மேல் கோபம் வந்தது. வேண்டாம் என்று தலையாட்டக்கூடச் செய்தான். அவள்தான் மேலே பார்க்கவில்லையே.

"அவரு குடிகாரர் இல்லீங்க" என்றாள் ஆதிலட்சுமி. "எங்க ஆளு. அதோ, ஏணி மேல நிக்கிறாரே, அவருதான்."

நெடுமாறன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். மேலே பல்பும் கையுமாக மீசை.

"நான் அன்னிக்கே கேட்டேனேம்மா. தெரியாதுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். பயந்துகினு சொன்னேன். மேக்கப் தூரத்துலேருந்து எப்படித் தெரியுதுன்னு பாக்கத்தான் அவர கடைசியில நிக்க வச்சேன். நாடகத்துலேருந்து அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். தப்பு என்னுது. நீங்க வேற ஆள பாக்கறதா இருந்தாலும் பாத்துக்குங்க."

"மேக்கப்ப கடைசியிலேருந்து பாப்பாங்களா? எந்த ஊர்ல?" நெடுமாறன் நம்புகிற மாதிரி இல்லை. எழுந்தே விட்டார்.

கலியபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. ஏணி மேலிருந்தே புருவத்தைத் தடவினான். ஆதிலட்சுமியின் கை தானாகப் பென்சிலை எடுத்தது, கண்ணாடி பார்க்காமலே இடது புருவத்தின் ஓரத்தைக் கறுப்பாக்கியது. அவன் உதட்டைத் துடைத்தான். பஞ்சை எடுத்து ஒற்றினாள். தாடையைத் தூக்கினான். வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள். அவள் முகம் பளிச்சென்று எடுப்பாகத் தெரிந்தது.

நெடுமாறன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அன்னிக்கு ஒதட்டுச் சாயம் ஜாஸ்தின்னு சொன்னது..."

"ஜாஸ்திதாங்க" என்றான் கலியபெருமாள்.

"எங்க அக்காவும் அப்பவே சொன்னா." நெடுமாறன் தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "ரெண்டு வுட்டேனே."

"ரெண்டாவது கொஞ்சம் பலம்."

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதில் ஏணியும் குலுங்கியது.

நெடுமாறன் மஞ்சள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார், வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டில் வைத்தார், எழுந்து நின்று ஏணிக்கு நீட்டினார். "நீங்க எறங்க வேணாம், அங்கியே வாங்கிக்குங்க. வேலைக்கு வரக்கூடாது, மொறையா குடும்பத்தோட வரணும். ஊரே உங்கள குடிகாரன்னு நெனச்சுகினு இருக்குது. நான்தான் மாத்தணும். மைக்க புடிச்சு நானே சொல்றேன். அன்னிக்கு நான் ரெண்டு அறை அறைஞ்சது இந்தப் பெரிய மனுஷனத்தான், ஏன்னா இவரு பொண்ணுக்கு ஜாடை காட்டுனாரு, எதுக்குக் காட்டுனாருன்னா இதுக்குத்தான்னு, வெவரமா சொல்லிடறேன்."

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். நாலு கல்யாணத்துக்கும் தேதி சொன்னார். போய்விட்டார்.

கலியபெருமாள் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஏணி மேலேயே நின்றான். மேலே எழுதியிருந்தது: திரு. கலியபெருமாள் குடும்பத்தினர். பேரைப் பாயிடம் கேட்டு அங்கேயே எழுதியிருந்தார். அவனுடைய குடும்பத்தினர் என்றால் அவன் சம்சாரம் சின்னப்பொண்ணு. கட்டிய நாளிலிருந்து சந்தேகப்பட்டு அவன் சட்டைப் பையைத் தினம் சோதிக்கிறவள். அறை வாங்கியதைப் பற்றி வீட்டில் இதுவரைக்கும் அவன் மூச்சு விட்டதில்லை. கன்னம் வீங்கியதற்கு ஸ்பீக்கர் பாக்ஸ் மேலே விழுந்தது என்று சொல்லி, அவளும் உப்பு ஒத்தடம் கொடுத்திருந்தாள்.

அவன் கீழே பார்த்தான். பல வருஷத்துக்குப் பிறகு, பாய் பக்கத்திலேயே நிற்க, அவளிடம் நேராகப் பேசினான்.

"லட்சுமி, மைக்கெல்லாம் வேணாம்னு அந்தாளுகிட்ட சொல்லு."

"அவரு கேக்க மாட்டாருண்ணே. என் வாயால ஊரு முன்னாடி சொல்லணும்னுதான நீயும் இத்தினி நாளா நின்ன?"

"சொன்ன வரைக்கும் போதும்."

ஆதிலட்சுமி அவன் முகத்தையும் கையிலிருந்த பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தாள். நடிகை அல்லவா, முகத்தைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"அண்ணிகிட்ட சொல்லவே இல்லையா?"

அவன் பல்பைத் திருகிக்கொண்டிருந்தான். அது எப்போதோ மாட்டியாகிவிட்டது.

"எறங்கு. எறங்கு முதல்ல" என்றாள். "அந்தாளு மைக்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நேரா வூட்டுக்குப் போயி, அண்ணிய உக்கார வச்சு, அடிச்சதுலேருந்து ஆரம்பிக்காத, மேக்கப்புலேருந்து ஆரம்பிச்சு, நீயே சொல்லிடுண்ணே."